மூன்றாவது ஓலை

அந்தக் கல்யாணம் நடக்காமல் போனதற்கு நான்தான் காரணம் என்று என் வீட்டுக்காரர் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லித் தொலைத்தால் பரவாயில்லை. நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கத்திவிட்டு ஆறிப்போவேன். மனுஷன் பேசாமல் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போகிறார்.

நாங்கள் இருப்பது மேனாம்பேட்டில். தொழிற்பேட்டைக்கு, எங்கள் வாயில் எஸ்டேட், நடந்தே போய்விடலாம். என் மாமனார் மதுராந்தகம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர். மழை பொய்த்த ஒரு வருஷம் எஸ்டேட்டில் மூட்டை தூக்கலாம் என்று வந்தார். கீற்றுக் கொட்டகை போட்டார். ஊருக்குச் சொல்லி அனுப்பினார். அவர் பின்னாலேயே தம்பி வந்தார், தம்பியின் மச்சான் வந்தார், மச்சானின் பக்கத்து வீட்டுக்காரன் வந்தான். இன்றைக்கும் எங்கள் தெருவில் பாதிப்பேர் ஒரே ஊர்க்காரர்கள், மீதிப்பேர் அவர்களிடம் பெண் எடுத்தவர்கள். ஏற்கெனவே இங்கே இருந்தவர்கள் அப்போது எங்களைக் ‘கொட்டாய்க்காரங்க’ என்பார்களாம். அவர்கள் கிணற்றுப் பக்கம் போனால் திட்டு விழுமாம். மாமனார் சாகும்வரை இதைச் சொல்லிச் சொல்லிப் பொருமினார். நாங்கள் தளம் போட்டு, மாடி எடுத்த பிறகு அதே திட்டை வடக்கத்திப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். நானும்தான். குழாயடியில் நின்று “இந்திக்காரனுங்க வந்து தண்ணியெல்லாம் காலி பண்றானுங்க” என்று கத்தியிருக்கிறேன்.

அவர்களை யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. எஸ்டேட்டில் பழைய பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. எங்கள் தெருப் பையன்கள் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று கம்பெனி பஸ் ஏறிப் போனார்கள், அங்கேயே வீடும் பார்த்துக்கொண்டார்கள். தெருவில் கிழடுகளும் காலி அறைகளும் மிஞ்சின. மிச்சமிருந்த கம்பெனிகள் காண்ட்ராக்டில் ஆள் எடுத்தன. அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். முதலில் ஓர் அறைக்கு ஆறு ஆண்பிள்ளைகள். இரண்டு வருஷத்தில் தங்கச்சிகள், அப்புறம் பெண்டாட்டிகள். மளிகைக் கடைக்காரர் கடுகு எண்ணெய் வாங்கி அடுக்கினார். ஜூஸ் கடையில் இந்தியில் போர்டு வந்தது. ஒருத்தன் வந்தான், சொல்லி அனுப்பினான், பத்துப்பேர் வந்தார்கள். என் மாமனார் செய்த அதே வேலைதான்.

எங்கள் மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஓர் அறை. அதில் நாலு பெண்பிள்ளைகள் குடிவந்தார்கள். ஜார்க்கண்டாம். அது எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. சாவியைக் கொடுத்ததும் சுவரில் ஆணி அடிக்கலாமா என்று சைகையில் கேட்டார்கள். எதுக்கு என்றேன். பையிலிருந்து மாதா படத்தை எடுத்துக் காட்டினார்கள். எங்கள் வீட்டுக் கூடத்திலும் அதே படம்தான், எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றைக்குத்தான் குழாயடியில் அவர்கள் ஆட்களைச் சத்தம் போட்டிருந்தேன்.

நான் அந்த வட்டாரத்துக்கு அன்பியப் பொறுப்பாளர். அதாவது, முப்பது கத்தோலிக்க வீடுகளில் யார் பூசைக்கு வரவில்லை, யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டில் சண்டை என்று பார்த்துக்கொள்கிற வேலை. எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி என்பதால் அந்தப் பொறுப்பு வந்தது. நான்தான் அந்தப் பிள்ளைகளைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். மாதத்துக்கு ஒரு ஞாயிறு அவர்களுக்கென்று இந்திப் பூசை வைக்க வேண்டும் என்று சண்டை போட்டதும் நான்தான். முதல் பூசையில் பெண்பிள்ளைகள் சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவை கட்டி, கையைக் கோத்துக்கொண்டு, மேளத்துக்கு அடியெடுத்து ஆடிக்கொண்டே காணிக்கை கொண்டுபோனார்கள். எங்கள் தெருப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நாலாவது பூசையில் அதே பெண்கள் பார்ப்பதற்கென்றே முன் வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள்.

நாலு பேரில் ஒருத்தி என்னோடு ஒட்டிக்கொண்டாள். கார் உதிரிபாகக் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன். தமிழை அங்கேதான் கற்றுக்கொண்டாள், அதனால் அவள் தமிழ் எங்கள் தமிழ். “இன்னா ஆன்ட்டி, துன்ட்டியா?” என்று கேட்டுக்கொண்டே படியிறங்கி வருவாள். “ஏய், பெரியவங்களை வாங்க போங்கன்னு கூப்பிடணும்டி” என்பேன். “சரி ஆன்ட்டி, நீ சொல்லிக்குடு” என்பாள். இவளோடு எங்கே மல்லுக்கட்டுவது?

அடுத்த தெருவில் அவள் ஜில்லாக்காரப் பையன் ஒருவன் எட்டுப்பேரோடு தங்கியிருந்தான். வார்ப்புப் பட்டறையில் மணல் அச்சு அடிக்கிற வேலை. பேசவே மாட்டான். ஞாயிற்றுக்கிழமை வந்து பெண்பிள்ளைகளுக்குக் குடிதண்ணீர் கேனை மாடியேற்றி வைத்துவிட்டு, என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவான். கேன் தூக்குகிறவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் எதற்கு என்று எனக்கு மூன்றாவது வாரமே புரிந்துவிட்டது.

இரண்டு பேருக்கும் கல்யாணம் பண்ணிக்கொள்ள ஆசை. அவசரமும் இருந்தது. வெளிநாட்டு ஆர்டர் குறைந்துபோய், எஸ்டேட் முழுக்க ஷிப்டுகளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரருக்கே லேத்தில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. அவளுக்கு அப்பா அம்மா இல்லை, ஒரே அண்ணன். இங்கே வேலை போனால் அவளைத் தில்லியில் ஏதோ வீட்டில் வேலைக்கு வைக்க அவன் ஏற்பாடு செய்திருந்தான். முன்பு ஒரு வருஷம் அப்படி ஒரு வீட்டில் இருந்திருக்கிறாள். அதைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுவாள். ஒரே ஒரு தடவை மட்டும், “வெளிய உடமாட்டாங்க ஆன்ட்டி” என்றாள். கல்யாணம் ஆகிவிட்டால் புருஷன் இருக்கிற இடத்தில் இருப்பாள். ஆகாவிட்டால் அண்ணன் அனுப்புகிற இடத்துக்குப் போகவேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

நான் இருவரையும் ஃபாதரிடம் கூட்டிப்போனேன். அவர்கள் ஊர்ப் பங்குக் கோயிலிலிருந்து கடிதமெல்லாம் வந்துவிட்டது. சாம்பல் புதனுக்கு இன்னும் மூன்று ஞாயிறுதான் இருந்தது. அதற்கப்புறம் தவக்காலம், ஈஸ்டர் வரைக்கும் எங்கள் கோயிலில் கல்யாணம் கிடையாது.

எங்களுக்குக் கல்யாணம் என்றால் அதற்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிக்கவேண்டும். ஓலை என்றால் பனையோலை இல்லை, வெறும் பேப்பர்தான். இன்னாருடைய மகனும் இன்னாருடைய மகளும் திருமணம் செய்துகொள்ளப் போகிறார்கள், தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சபை முன்னால் கேட்பார்கள்.

ஃபாதர் சின்ன வயசுக்காரர், விவரமானவர். “கம்பெனி நிலவரம் சரியில்லன்னு சொல்றாங்க. எதுக்குமா மூணு வாரம்? பிஷப்போட ஆயர் இல்லத்துக்கு எழுதி ஓலைக்கு விலக்கு வாங்கிடறேன். இந்த வாரமே முடிச்சிடலாம்” என்றார்.

பையன் முகம் மலர்ந்துவிட்டது. நான்தான் குறுக்கே விழுந்தேன்.

“வேணாம் ஃபாதர். விலக்கு வாங்கிக் கட்டினா ஓடிவந்த ஜோடின்னு பேசுவாங்க. இவங்க ரெண்டு பேரும் தப்பு பண்ணலயே? மூணு ஓலையும் முறையா வாசிங்க. நானே முன்ன நின்னு ஜாம்ஜாம்னு பண்ணி வெக்கறேன்.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், எனக்கு ஓலை வாசிக்கவில்லை. என் அப்பா சாகக் கிடந்தார், கண் மூடுவதற்குள் மகள் கழுத்தில் தாலி பார்க்கவேண்டும் என்றார். இரண்டே நாளில் விலக்கு வாங்கி மேனாம்பேட்டுக்கு மருமகளாக வந்தேன். அடுத்த ஏழு மாதம் இந்தத் தெருப் பெண்கள் என் முகத்தையா பார்த்தார்கள், வயிற்றைத்தான் பார்த்தார்கள். எனக்குப் பிள்ளை பிறந்தது மூன்று வருஷம் கழித்து. அப்போதும் ஒருத்தி, “முதல்ல ஒண்ணு கலைஞ்சிருக்கும்” என்றாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அந்தப் பேச்சு இந்த ரெண்டு பிள்ளைகளுக்கும் வரக்கூடாது என்று நினைத்தேன். ஃபாதர் அவர்கள் இருவரையும் பார்த்தார். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். “ஆன்ட்டி சொன்னா சரி” என்றாள் அவள்.

முதல் ஓலை வாசித்தார்கள். வாசித்தவருக்கு அவர்கள் ஊர்ப் பெயர் வாயில் நுழையவில்லை, மூன்று தடவை முட்டினார், சபை சிரித்தது. அவள் முகத்தைப் புடவைத் தலைப்பில் மூடிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து, எல்லோர் முன்னாலும் தன் செத்துப்போன அப்பா பெயரைச் சொன்னார்களே என்று அழுதாள். பிறகு இன்னும் எத்தனை தடவை சொல்வார்கள் என்று கேட்டாள். இரண்டு என்றேன். விரலை மடக்கிக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளைப் பட்டு எடுத்தோம். ரவிக்கை தைக்கக் கொடுத்தோம். அவர்கள் ஊரில் தாலி கிடையாதாம், ஆனால் அவளுக்கு என்னுடையதைப் போலச் சிலுவை வைத்த தாலி வேண்டுமாம். மூன்றாவது ஓலை முடிந்த மறுநாள் திங்கட்கிழமை கல்யாணம். மாடி அறையில் மற்ற மூன்று பெண்களும் வேறிடம் பார்த்துக்கொண்டு, இவர்களுக்கு விட்டுக்கொடுப்பதாக ஏற்பாடு.

இரண்டாவது ஓலையும் ஆயிற்று. புதன்கிழமை மத்தியானம் பையன் வந்து வாசலில் நின்றான். வேலை நேரத்தில் அவன் வந்ததே இல்லை. அவனால் சொல்ல முடியவில்லை, அவள்தான் மாடியிலிருந்து ஓடிவந்து தமிழில் சொன்னாள். பட்டறையில் அச்சுப் பிரிவை மூடிவிட்டார்கள். காண்ட்ராக்டர் ஆட்களை எல்லாம் குஜராத்தில் வேறொரு பட்டறைக்கு மாற்றுகிறான். வெள்ளிக்கிழமை ரயில். வராதவனுக்கு வேலை இல்லை.

“நாளைக்கு கல்யாணம் வெச்சுக்கலாமா ஆன்ட்டி?”

செருப்பைக்கூடப் போடாமல் கோயிலுக்கு ஓடினேன். ஃபாதர் இல்லை. வருஷத் தியானத்துக்குப் போயிருந்தார், சனிக்கிழமைதான் வருவார். பூசை வைக்க வந்திருந்தவர் வயதான வெளியூர்ச் சாமியார். “அதிகாரக் கடிதம் இல்லாம நான் கட்டி வெச்சா அது கல்யாணமே இல்லம்மா” என்றார். ஆயர் இல்லத்துக்குப் போன் போட்டேன். பங்குத்தந்தை, அதாவது எங்கள் ஃபாதர், எழுதித்தர வேண்டும் என்றார்கள். ஃபாதர் போன் அணைந்து கிடந்தது. ரிஜிஸ்தர் ஆபீசில் முப்பது நாள் நோட்டீஸ் என்றார் வீட்டுக்காரர். எந்தப் பக்கம் போனாலும் ஒரு காகிதம் குறுக்கே நின்றது. இரண்டு வாரம் முன்னால் அந்தக் காகிதத்தை ஃபாதரே வாங்கித் தருகிறேன் என்றார், நான்தான் வேண்டாம் என்றேன்.

காண்ட்ராக்டரைத் தேடிப் போனேன். காட்டுப்பாக்கத்துக்காரன், எங்கள் எஸ்டேட்டிலேயே ஹெல்பராக இருந்து மேலே வந்தவன். டீக்கடையில் பிடித்தேன்.

“நாலே நாலு நாள் அந்தப் பையனை உட்டுட்டுப் போப்பா. திங்கக்கிழமை தாலி கட்டிட்டு ரெண்டு பேருமா வந்துடுவாங்க.”

“யக்கா, நான் இன்னாக்கா பண்றது? டிக்கெட்டு மொத்தமா போட்டாச்சு. ஒருத்தன் கொறைஞ்சா அந்த எடத்துக்குப் பத்துப்பேரு நிக்கிறான். என் வேலையே ஆட்டத்துல கீது.”

“உன் ஊட்ல பொண்ணு இருந்தா இப்படிப் பேசுவியா?”

“கீதுக்கா. ரெண்டு பொண்ணு கீது. அதுக்குத்தான் இப்படி ஓடிக்கினு கீறேன்.”

திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தேன். டீ சாப்பிடுக்கா என்றான். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் கீழே வந்தாள். துணிப்பையில் நாலு உருப்படியை மடித்து வைத்திருந்தாள். அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஆன்ட்டி, நான் அவன்கூட போவட்டா?”

“தாலி ஏறாம எப்படிடி போவ?”

“எங்க ஊர்ல அப்படிப் போவாங்க. விருந்து போட வசதி இருக்காது. முதல்ல சேந்து இருப்பாங்க. அப்புறம், புள்ள பொறந்தப்புறம்கூட, கோயில்ல கட்டிக்குவாங்க. யாரும் ஒண்ணும் பேசமாட்டாங்க.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “சீ, வாயக் கழுவு! ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. ஞாயித்துக்கெழமை மூணாவது ஓலை வாசிக்கறப்ப பொண்ணு ஓடிட்டாள்னா என் மூஞ்சிய எங்க வெச்சுப்பேன்? ஈஸ்டர் முடிஞ்சதும் அவன் வரட்டும். நாப்பது நாளு. பேக்கிங்ல உனக்கு வேலை இருக்குல்ல?”

நான் அவளுக்கு அம்மா இல்லை. அவள் கேட்டிருக்கவே வேண்டாம். கேட்காமல் படியிறங்கிப் போயிருந்தால் நான் என்ன, கதவையா பூட்டியிருப்பேன்? கேட்டாள். நான் இல்லை என்றேன். பையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை அவன் போனான். சென்ட்ரலுக்கு நானும் அவளும் வீட்டுக்காரரும் போனோம். அவன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். “ஈஸ்டர்” என்றான். எனக்குத் தெரிய அவன் என்னிடம் நேராகச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை வாசித்தார்கள். அவள் தலை பின்னி, பூ வைத்து என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். தடை இருந்தால் சொல்லுங்கள் என்றார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பூசை முடிந்ததும் தெருப் பெண்கள் அவள் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். ஒருத்தி வாயிலிருந்தும் ஒரு தப்பான வார்த்தை வரவில்லை. நான் கேட்டது அப்படியே கிடைத்தது.

தியானத்திலிருந்து வந்த ஃபாதர் என்னைத் திட்டவில்லை. “அவசரம்னா தவக்காலத்துலகூட வழி பண்ணலாம்மா, பையன் வரட்டும்” என்றார். பையனுக்கு லீவு கிடைக்கவில்லை. தினம் போன் வந்தது. பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்தது. அங்கிருந்தும் வேறு பட்டறைக்கு மாற்றப்போகிறார்கள் என்று சொன்னான். அதற்கப்புறம் அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொல்ல ஆரம்பித்தது. தவக்காலம் நாலாவது வாரம் பேக்கிங் செக்‌ஷனையும் நிறுத்தினார்கள். அண்ணன் வந்தான். மரியாதையான பிள்ளைதான், என்னைக் கும்பிட்டு நன்றி சொல்லிவிட்டு அவளைக் கூட்டிப்போனான். அவள் மாதா படத்தை மட்டும் கழற்றாமல் விட்டுப்போனாள், திரும்பி வருவேன் என்று.

ஈஸ்டர் வந்தது, போனது. அவன் வரவில்லை. அவனோடு தங்கியிருந்தவர்களில் ஒருவன் ஆவடியில் டெலிவரி வேலைக்கு வந்திருந்தான். அவனைத் தேடிப்போய்க் கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை. பாதிப்பேர் ஒரு பக்கம், பாதிப்பேர் ஒரு பக்கம் பிரிந்துபோய்விட்டார்களாம். தெருவில் ‘வாடகைக்கு’ அட்டைகள் தொங்குகின்றன. இந்திப் பூசைக்குப் பதினோரு பேர் வந்தார்கள், அப்புறம் நாலு பேர், அப்புறம் பூசையை நிறுத்திவிட்டார்கள். கடுகு எண்ணெய் டப்பாக்களைக் கடைக்காரர் ஏஜென்டிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். மாடி அறைக்கு இப்போது அஸ்ஸாமிலிருந்து நாலு பையன்கள் வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்னும் சாவி கொடுக்கவில்லை. கொடுக்காமல் எத்தனை நாள் இருக்க முடியும், எங்களுக்கும் வயிறு இருக்கிறதே.

போன வாரம் ஒரு புது நம்பரிலிருந்து போன் வந்தது. அவள்தான். தில்லியில் ஒரு வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாளாம். குளியலறையிலிருந்து பேசுகிறாள் போல, தண்ணீர் திறந்துவிட்ட சத்தம் கேட்டது.

“ஆன்ட்டி, அவன் வந்தானா?”

“இன்னும் இல்லடி.”

தண்ணீரை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். பிறகு வேகவேகமாகச் சொன்னாள். அண்ணன் ஒரு மாப்பிள்ளை பார்த்திருக்கிறான். நாற்பது வயசு, முதல் தாரம் செத்துப்போனவன். இவள் முடியாது என்று சொல்லிவிட்டாள். தனக்கு மேனாம்பேட்டில் மூன்று ஓலையும் வாசித்தாகிவிட்டது, இனிமேல் வேறு ஆளோடு முடிச்சுப்போட முடியாது என்று ஊர்ச் சாமியாரிடமே போனில் சொல்லிவிட்டாள். அவர் அப்படியானால் அங்கிருந்து எழுத்தில் வாங்கிவா என்றாராம்.

“நம்ம ஓலை இன்னும் இருக்குல்ல ஆன்ட்டி?”

ஓலைக்கு ஆறு மாதம்தான் ஆயுசு. அதற்குள் கல்யாணம் ஆகவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து வாசிக்கவேண்டும். ஆறு மாதம் முடிந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. ஆயுசோடு இருந்தபோதுகூட அது யாரையும் கட்டிப்போடுகிற ஓலை இல்லை. ஆறு மாதம் முடிந்த வாரமே, அதை நீட்டி எழுதித் தரமுடியுமா என்று ஃபாதரிடம் கேட்டுவிட்டு வந்திருந்தேன். “இல்லாததை எப்படிம்மா எழுதித் தரமுடியும்?” என்று அவரும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“இருக்குடி. எங்க போயிடும்?” என்றேன்.

“அப்ப ஃபாதர்கிட்ட எழுதி வாங்கி அனுப்பு ஆன்ட்டி. சீக்கிரம். அடுத்த வாரம் அண்ணன் வரான்.”

யாரோ கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அனுப்புறல்ல?” என்று இன்னொரு தடவை கேட்டாள்.

“அனுப்பறேன்” என்றேன். போனை வைத்துவிட்டாள்.